மூன்றிலிருந்துதான் விதி

முதல் நாள் நாங்கள் நாற்பத்தேழு பேர்.
லுப்லியானாவில் அக்டோபர், மூடுபனி,
வெந்நீர்க் குழாய் முனகும் மூன்றாம் மாடி அறை.
மொரிகாவா வருகைப் பதிவேட்டை வாசித்தார்.
கொலென்ட்ஸ் என்ற என் பெயரில் லகரத்தை ரகரமாக்கி
வாலில் ஓர் உகரம் ஒட்டி
கொரென்ட்சு என்றார்.
வராத யாரோ ஒருத்தி என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.

யெசெனீட்சேவில் அம்மா எல்லோரிடமும் சொன்னாள்,
மகள் சீனம் படிக்கிறாள் என்று.
திருத்தினேன்.
வேலை கிடைக்காது என்பதில் இரண்டும் ஒன்றுதானே
என்றார் அப்பா, உருக்காலைச் சட்டையை
நனையப் போட்டபடி.

ததேயும் அங்கிருந்து வந்தவன்தான்.
பனி ஹாக்கியில் கோல் காப்பவன்.
வெள்ளி மாலைப் பேருந்தில்
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதுவான்:
மனச்சோர்வு.
இருபத்தொன்பது கோடுகள்.
பந்தயத்துக்காகக் கற்றுக்கொண்ட எழுத்து அது.
தேர்வில் அவன் விழுந்ததோ
வலது, இடது என்ற இரண்டில்.
ஒன்றுக்குச் சாய்கோடு முதலில்,
மற்றதற்குப் படுக்கைக்கோடு முதலில்.
எழுதி முடித்தபின் யாருக்கும் தெரியாது.
ஆனால் வரிசையைத்தான் கேட்டிருந்தார்கள்.

எங்கள் ஸ்லோவேனியத்தில் ஒருமை, பன்மை
இரண்டுக்கும் நடுவே
இருவருக்கென்றே ஓர் எண் இருக்கிறது.
இருவர் போனால் வினைக்கு ஒரு வால்,
மூவர் போனால் வேறு வால்.
ஜப்பானியத்தில் அதெல்லாம் கிடையாது.
பூனை என்றால் ஒரு பூனை, அல்லது ஒன்பது பூனை.
"யார் என்றும் சொல்லாது, எத்தனை என்றும் சொல்லாது,
எந்தப் பக்கம் வரும் என்று காட்டாத வட்டு மாதிரி"
என்பான் ததேய்.

எண்ணத் தொடங்கினாலோ விடாது.
பென்சிலுக்கு ஒரு கணக்கு, தாளுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று.
காலி பியர் புட்டிகளை வரிசையாக நிறுத்திப் படித்தோம்,
இப்போன், நிஹோன், சாம்போன்,
ஆறாவதுக்குப் பிறகு இலக்கணம் குழறியது.
ஆட்களுக்கு:
ஹிதோரி, ஒருவர். ஃபுதாரி, இருவர்.
பழைய சொற்கள், எதற்கும் அடங்காதவை,
மனப்பாடம் செய்க.
மூன்றிலிருந்துதான் விதி.
அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
அவன் ஓரத்தில் ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தான்.

இரண்டாம் ஆண்டு மார்ச்சில் அவன் நாற்காலி காலி.
எல்லைக்கு அப்பால், ஃபிலாகில்,
சில்லு செய்யும் தொழிற்சாலை, இரவுப் பணி.
நீ முடி, என்று ஒரு குறுஞ்செய்தி.
அன்று உரையாடல் பயிற்சியில்
எனக்கு வந்த கேள்வி: நேற்று யாருடன் சென்றீர்கள்?
புத்தகம் வைத்திருந்த பதில்: தனியாகச் சென்றேன்.
உச்சரிப்பு நன்று என்றார் மொரிகாவா.

கோடையில் போஸ்தோய்னா குகை வாசலில் சீட்டு விற்றேன்.
தொப்பி போட்ட ஒருவர் வந்தார்.
எத்தனை பேர் என்று
இருப்பதிலேயே மரியாதையான சொல்லைத் தேடிக் கேட்டேன்.
ஃபுதாரி, என்றார்.
அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.
இடப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு
இடம் விட்டு நின்றிருந்தார்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
இறந்தவருக்குச் சீட்டு கொடுப்பது எப்படி,
சலுகை விலை உண்டா,
நடந்து முடிந்த பாடம் எதிலும் அது இல்லையே.
அதற்குள் கழிப்பறைக் கதவு திறந்தது.
ஈரக் கையை உதறியபடி அவர் மனைவி வந்தாள்,
நீலத் தொப்பியை ஏன் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு
இந்தப் பழையதைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று
வைதாள்.
முழு வாக்கியமும் புரிந்தது எனக்கு,
கடைசி வினை வரைக்கும்.

தட்டையான பொருள்களின் கணக்கில்
நிமாய் என்று இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
உள்ளே குளிரும், மேலாடை வேண்டும் என்றேன்.
உங்கள் ஜப்பானியம் அருமை என்றாள்.
எல்லோரிடமும் சொல்வார்கள், நம்பாதீர்கள் என்று
மொரிகாவா எச்சரித்ததுதான்.
கொஞ்சம் நம்பினேன்.

இரவு ததேய்க்கு ஃபுதாரி என்று எழுதி
அப்படியே அனுப்பினேன்.
வினை சேர்க்கவில்லை.
அது கடைசியில்தான் வரும் என்ற அளவுக்கு
அவனும் படித்திருக்கிறான்.
இரண்டரை மணிக்கு, அவன் தேநீர் இடைவேளையில்,
பதில் வந்தது:
ஒரு மீன்.